படத்தின் இடது ஓரம்

செப்டம்பர் 3, 2023. ஞாயிறு

என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகின்றன. சில கீழே தொங்குகின்றன. ஐம்பது வருடம் சம்மட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. நேற்று ஒரு பேனாவின் முனை உள்ளே போய்விட்டது. எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் காவேரி டீச்சர் பார்த்துவிட்டு, "பெரியவரே, காகிதத்தைக் கொன்னுடாதீங்க" என்றார்.

என் பெயர் கெம்பையன். வயது எழுபத்தொன்று. ஊர் கௌதள்ளி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். இப்போது மைசூர் அக்ரஹாரத்தில் மகள் மீனா வீட்டில் இருக்கிறேன். கருங்கல் குவாரியில் கல் உடைத்தவன். ஏழு மாதம் முன்பு வரை ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது கண்ணில் பட்ட தமிழை எல்லாம் படிக்கிறேன். இந்த ஊரில் பலகைகள் எல்லாம் கன்னடம். அதனால் எனக்குப் பொட்டலம் கட்டி வரும் பழைய தமிழ்ப் பேப்பர்தான் கதி. என் மனைவி நாச்சம்மாள் கடலை வாங்கி வந்தால் கடலையை அவள் தின்கிறாள், பொட்டலத்தை நான் தின்கிறேன்.

இவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. தோள் வலிக்கிறது. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

மீனாவின் மகள் தீபா வீடியோ எடுப்பவள். மாடி அறையில் அவளும் அவள் சிநேகிதி அஷ்வினியும் சேர்ந்து தொழில் நடத்துகிறார்கள். தீபா படம் பிடிப்பாள், அஷ்வினி கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி வண்ணம் போடுவாள். இப்போது ஒரு சுற்றுலாக் கம்பெனி ரயில் படம் கேட்டிருக்கிறது. சக்லேஷ்பூர் தாண்டி மலையில் இறங்கும் பாதை. காடு, அருவி, பாலம், சுரங்கம்.

அவளுடைய புது லென்ஸை எனக்குக் காட்டினாள். அதன் வழியே பார்த்தால் அறையின் இரண்டு சுவரும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. மாட்டுக் கண் மாதிரி.

"இது வைடு லென்ஸ், அப்புச்சி. ஓரத்துல நிக்கறவங்களும் படத்துல விழுவாங்க. அதனால ரயில்ல உக்காந்து மூக்க நோண்டாதே, ஆய்த்தா?"

"என்னையும் கூட்டிட்டுப் போறியா கண்ணு?"

"பின்னே? சாமானை யாரு புடிச்சுக்குவா?"

நாச்சம்மாள் உள்ளே இருந்து, "அவரையா கூட்டிட்டுப் போற? எவனாச்சும் காலை மிதிச்சா அடிச்சுப்போட்டு வருவாரு, பாத்துக்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

செப்டம்பர் 7, வியாழன்

நாளை மறுநாள் ரயில். இன்று ஜன்னல், மலை, சுரங்கம் என்று ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிப் பார்த்தேன்.

செப்டம்பர் 9, சனி

எழுத முடியவில்லை. நாளை.

செப்டம்பர் 10, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் மைசூரில் ஏறி ஹாசனில் இறங்கினோம். அங்கே மங்களூர் போகும் பகல் வண்டி. கதவை ஒட்டிய முதல் இருக்கை கிடைத்தது. தீபா ஜன்னலைப் பார்த்தபடி கேமராவைக் கட்டினாள். ஜன்னலும் மலையும் படத்தில் வந்தன. அகல லென்ஸ் ஆனதால் கதவுக்குப் போகும் வழியும் இடது ஓரத்தில் விழுந்தது. "பரவால்ல, அப்புறம் ஓரத்தை வெட்டிடலாம்" என்றாள். கேமராவை ஓடவிட்டு, சின்னக் கேமராவோடு எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போனாள். என்னிடம் ஒற்றைக்கால் ஸ்டாண்டைக் கொடுத்தாள். இரும்புக் குழாய், என் இடுப்பு உயரம். நல்ல கனம்.

மலை வந்தது. எல்லோரும் அருவியைக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். நான் பாறையைப் பார்த்தேன். பாறை முழுக்க வெடி வைத்த தழும்பு. மலையின் வயிற்றைக் கிழித்து வண்டி விட்டிருக்கிறார்கள். கிழித்த இடத்தில் பாசி படர்ந்து பச்சையாக இருக்கிறது, அழகு என்கிறார்கள். அழகுதான்.

டீக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நான் தீபாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "தாத்தாவுக்கு எந்தூருங்க?" என்றார்.

"கௌதள்ளி."

"அட! நான் ராமாபுரமுங்க. சந்துரு. நம்மூரு வாய்க்குச் சக்கரை தூக்கலா இருக்கோணுமே" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தான். முதலில் 'ர்' போட்டு எழுதியவன் இப்போது 'ன்' போடுகிறேன். சக்கரை போட்டவுடன் அவன் எனக்கு மகன் மாதிரி ஆகிவிட்டான்.

கதவில் மூன்று இளைஞர்கள் தொங்கிக்கொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்துரு ஒரு கையில் டீ கேனும் ஒரு கையில் கப்புக் கூடையுமாகப் போய் வழிவிடச் சொன்னான். "தாரி பிடி சார்." அவ்வளவுதான் சொன்னான். மஞ்சள் சட்டை போட்டவன் காலால் கேனின் குழாயைத் திறந்துவிட்டான். கொதிக்கிற டீ சந்துருவின் பாதத்தில் கொட்டியது. அவன் துள்ளினான். "டான்ஸ் மாடு! டான்ஸ் மாடு!" என்று ஆடிக் காட்டச் சொல்லி மூவரும் கை தட்டினார்கள். சந்துரு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். மஞ்சள் சட்டைக்காரன் அவனை அறைந்தான். படம் எடுத்தவன் சரியாக விழவில்லை என்றான். அதற்காக இன்னொரு முறை அறைந்தான். அதுவும் ஆடிவிட்டது. மூன்றாவது முறை அறைந்தான். மூன்றாவது நன்றாக விழுந்தது போல, தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

வண்டியில் ஒருவரும் எழவில்லை. நானும்தான்.

பிறகு மஞ்சள் சட்டைக்காரன் கதவுக்குத் திரும்பினான். ஒரு கையில் போன், ஒரு கையால் கம்பி. உடம்பு முழுக்க வெளியே. சுரங்கம் வந்தது. இருட்டு. கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கம்பியில் நாலு விரல் தெரிந்தது.

எழுந்து போய் ஸ்டாண்டால் அந்த விரல்களில் அடித்தேன்.

இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் வந்தபோது கதவில் யாரும் இல்லை.

உள்ளதை எழுதுகிறேன். அடித்த அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் முதலில் என் பெயரை எழுதியபோது வந்த அதே சந்தோஷம். என் கை இன்னும் என் கைதான் என்று.

அடுத்த நொடி அவன் கூட்டாளிகள் அலறினார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்றவன் சந்துரு. "இவனே தள்ளித்து! இவனே!" என்றார்கள். இதுவரை எழாத வண்டி மொத்தமும் எழுந்தது. செருப்பு, பெல்ட்டு, டிபன் பை. முடியைப் பிடித்து வாஷ்பேசினில் மோதினார்கள். மூக்கு உடைந்தது. வாயிலிருந்து வந்த ஒரு பல் என் கால் பக்கம் வந்து நின்றது. சந்துரு கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தான்.

"தாத்தா, நீங்க சொல்லுங்க. நீங்க இங்கதானே இருந்தீங்க. சொல்லுங்க தாத்தா."

தமிழில் சொன்னான். தீபா கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் ஸ்டாண்டைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

சங்கிலியை இழுத்தார்கள். சுரங்கச் சுவர் ஓரம் அவனைக் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. தலை கிழிந்திருந்தது. அடுத்த ஸ்டேஷனில் சந்துருவைப் போலீசார் இழுத்துப் போனார்கள். நானும் தீபாவும் வீட்டுக்கு வந்தோம்.

விரலைத்தான் அடித்தேன், ஆளை அடிக்கவில்லை. இப்படி எழுதிப் பார்த்தேன். ஐம்பது வருடம் பாறை முகத்தில் கயிறு பிடித்துத் தொங்கி வேலை செய்தவனுக்கு, விரல் போனால் ஆள் போவான் என்று தெரியாதா?

இதை எழுத நாள் முழுக்க ஆனது.

செப்டம்பர் 11, திங்கள்

அஷ்வினி கன்னடப் பேப்பரைப் படித்துச் சொன்னாள். விழுந்தவன் பெயர் பரத். வயது இருபத்திரண்டு. இங்கே மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். டீ விற்பவன் தள்ளிவிட்டதாக வழக்கு. பரத் செத்தால் கொலை வழக்கு.

"பாவம் அந்தப் பையன். ஆனா அவன் செஞ்சதும் தப்புதான்" என்றாள் அஷ்வினி. தீபாவுக்கும் டீக்காரன்தான் தள்ளினான் என்ற நினைப்பு.

சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறங்கியது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மாடிக்குப் போனேன். படத்துக்கு வண்ணம் போடுகிறார்கள். கேமராவிலிருந்து வரும் படம் வெளிறிப்போய் இருக்கிறது. காடு, வானம், மனிதர் எல்லாம் சாம்பல் பூசியது மாதிரி. வேண்டுமென்றே அப்படி எடுப்பார்களாம். பின்னால் வண்ணத்தை இஷ்டம்போல ஏற்றிக்கொள்ளலாமாம். அஷ்வினி திரையில் ஒரு வட்டத்தைத் திருப்பினாள். காடு பச்சையாகிவிட்டது! சாம்பலுக்குள் அவ்வளவு பச்சை எங்கே இருந்தது? நான் கை தட்டிவிட்டேன்.

"ஐயோ தாத்தா, எனக்கு யாருமே இப்படிக் கை தட்டினதில்லை" என்றாள்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. தீபா அன்றைக்குப் பயத்தில் கேமராவை நிறுத்தவே இல்லை. அடித்து முடித்த பிறகு வண்டித் தரையில் ஏதோ சாம்பலாகப் பரவியிருந்தது. டீ என்று நினைத்தேன். அஷ்வினியின் வட்டம் திரும்பியது. சிவப்பு.

கீழே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சுரங்கத்தின் கறுப்பிலிருந்து சட்டென்று காட்டின் பச்சைக்கு வரவேண்டும் என்று தீபாவுக்கு ஆசை. அதற்கு அந்தச் சுரங்கம்தான் நீளமாக இருந்ததாம். அஷ்வினி இருட்டை எவ்வளவு தூக்கலாம் என்று பார்த்தாள். தூக்கத் தூக்கப் பொரிபொரியாக வெளிச்சம் வந்தது. இடது ஓரத்தில் முதலில் சந்துரு தெரிந்தான். ஒரு கையில் கேன், ஒரு கையில் கூடை. பிறகு வேட்டி. பிறகு ஒரு கை, கையில் ஸ்டாண்டு.

தீபா மறுபடி ஓட்டினாள். பிறகு இரைச்சலைக் குறைத்துவிட்டு ஓட்டினாள். யாரோ கூவினார்கள். "ஹோய்!" கூவல் முடிந்ததும் கை இறங்கியது.

"இது யாரு கூப்பிட்டது?" என்றாள் அஷ்வினி.

நான் கூவியதே எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. குவாரியில் அது சட்டம். ஒருவர் உளியைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் சம்மட்டி அடிப்பார். அடிப்பவர் ஓங்கியதும் கூவ வேண்டும். கூவல் கேட்டதும் பிடித்தவர் கையைத் தளர்த்தி விலக்கிக்கொள்வார். கூவாமல் அடித்தவனை மறுநாள் யாரும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். என் உடம்பு என்னைக் கேட்காமலே கூவியிருக்கிறது.

காபி கொண்டுவந்த நாச்சம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு இருபத்தொரு வருடம் உளி பிடித்தவள் அவள்தான். அவளுக்கு வலது காது கேட்காது. அது நான் அறைந்ததில் போனது. இடது காதைத் திரைப் பக்கம் திருப்பி இன்னொரு முறை போடச் சொன்னாள். கேட்டாள். தம்ளர்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள்.

"உங்க கூவலுங்க இது."

"ஆமா."

"கல்லுல நான் கை வெச்சப்போ எல்லாம் கூவுனீங்க. ஒரு விரலுக்குக்கூடச் சேதமில்லீங்க எனக்கு." தன் பத்து விரலையும் விரித்து அஷ்வினிக்குக் காட்டினாள். "வீட்டுக்குள்ள அடிக்கறப்போ ஒரு நாளும் கூவலீங்க நீங்க."

அந்த வட்டம் என் மேல் மட்டும் வெளிச்சம் போட்டது மாதிரி இருந்தது. எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

தீபா அழுது அழுது முகம் வீங்கியிருக்கிறாள். "நீ எதுக்கு எழுந்த? எதுக்கு அப்புச்சி? சும்மனே உக்காந்திருக்க வேண்டியதுதானே! ஊருல இருக்கறவன் எல்லாம் உக்காந்துதானே இருந்தான்!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். "பாரு" என்றாள். இடது ஓரத்தில் நான் ஓங்கிக்கொண்டு நிற்கிறேன். அவள் வட்டத்தை இடப்பக்கம் ஒரு நூல் அளவு திருப்பினாள். நான் இல்லை. வேட்டி இல்லை, கை இல்லை, ஸ்டாண்டு இல்லை. எழுபத்தொரு வருடம் அப்படியே கறுப்பில் முங்கிவிட்டது. இன்னொரு முறை செய் என்றேன். செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமா!

மூன்றாவது முறைதான் கவனித்தேன். என்னை இருட்டினால் சந்துருவும் இருளுகிறான். கேன் பிடித்த கையும் கூடை பிடித்த கையும் போய்விடுகின்றன. அவன் தள்ளவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் அந்த இரண்டு கைகள்தான் சாட்சி.

"அவரை மட்டும் தனியா வட்டம் போட்டு வெளிச்சமாக்கலாம் அப்புச்சி. உன்னை மட்டும் இருட்டிடலாம். அவரும் தப்பிப்பாரு, நீயும் தப்பிப்பே."

அப்பாடா என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

அஷ்வினி அவள் பக்கம் திரும்பாமல், "போலீஸ் நம்ம கலரைக் கேக்க மாட்டாங்க தீபா. கார்டைக் கேப்பாங்க" என்றாள். கேமராவுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அட்டையில்தான் அசல் இருக்கிறது. அதில் வட்டம் போட முடியாது. அதில் நாங்கள் இரண்டு பேரும் சாம்பலாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம்.

சனிக்கிழமை ஒரு கல்யாணப் படப்பிடிப்பு இருக்கிறது. அதற்குள் எப்போதும்போல அட்டையைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"நீயே சொல்லு அப்புச்சி. என்னால முடியாது."

செப்டம்பர் 15, வெள்ளி

பரத் இன்னும் கண் விழிக்கவில்லை. கால்களைப் பற்றி டாக்டர்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம்.

அட்டை என் உள்ளங்கையில் இருக்கிறது. அதிகம் போனால் ஒரு புளியங்கொட்டை கனம். விரலால் மடித்தால் ஒடிந்துவிடும். இரண்டு முறை ஒடிக்கப் போனேன். கண்ணை மூடினால் அந்தப் பல் தரையில் உருண்டு வந்து நிற்கிறது. பரத் எனக்குக் கனவில்கூட வரவில்லை. அடித்தது அவனை. ஆனால் தூங்க விடாதவன் சந்துரு. இதை என்னவென்று எழுதுவது?

நடந்ததை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். ஐயா, நான்தான் அடித்தேன் என்று ஆரம்பிக்கிறது. நாச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"போறீங்களா?"

"போகோணும்."

"என்னைய அடிச்சதுக்கு ஒருத்தரும் உங்களைப் புடிக்கலீங்க. காது போனப்போகூட ஊரே பேசாம இருந்துச்சு. எவனோ ஒருத்தனுக்காக இப்ப மட்டும் எதுக்குங்க போறீங்க?"

அவளுக்கும் சேர்த்து என்று சொல்ல வாய் வந்தது. அது பொய். அவள் கேட்ட பிறகுதானே அவள் நினைவே வந்தது. தாளைத் தொடர்ந்து எழுதினேன். அவள் என் துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

செப்டம்பர் 16, சனி

தீபா கல்யாண வேலைக்கு அஷ்வினியை அனுப்பிவிட்டாள். ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டாள். அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. தாளும் இருக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

இங்கே ஜெயிலில் இந்த நோட்டை இரண்டு நாள் வைத்துக்கொண்டு சோதித்தார்கள். வார்டர்கள் யாருக்கும் தமிழ் படிக்க வராது. படம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பேனாவை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். போன மாதம் ஒருவன் பேனாவால் இன்னொருவன் கழுத்தில் குத்திவிட்டானாம். அதனால் ஞாயிறு மட்டும், ஆளுக்கு ஒரு மணி நேரம். என்னைப் போல மெதுவாக எழுதுபவனுக்கு அது எந்த மூலைக்கு?

ஸ்டேஷனில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அதிகாரி என் தாளை வாங்கினார். திருப்பிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "ஏனு இது? தமிழா? யாரப்பா ஓதோது?" என்றார். நான் எழுதிய முதல் மனுவை ஸ்டேஷனில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. தீபாதான் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கன்னடத்தில் சொன்னாள். ஒருவர் எழுதிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கன்னடம் எழுதத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

கடைசியில் நான் எழுதியிருந்த வரி இது. "விரலை அடித்தால் அவன் விழுவான் என்று எனக்குத் தெரியும்." தீபா அந்த வரியைக் கண்ணால் படித்தாள். தாளை மடித்து, "அஷ்டே சார்" என்றாள். அவ்வளவுதான் என்று.

அவள் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை மாதிரி நான் வளர்த்தவள். என்னைக் காப்பாற்ற அவளிடம் அந்த ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

"இன்னொந்து இதே சார்" என்றேன். இன்னும் ஒன்று இருக்கிறது என்று. "பித்ஹோக்தானே அந்த நனகெ கொத்தித்து." விழுவான் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி எழுதுபவரைப் பார்த்தார். அவர் எழுதினார். தீபா எழுந்து வெளியே ஓடிவிட்டாள்.

இன்னொரு செய்தி. பரத் கண் விழித்துவிட்டான். இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. நடப்பானா என்று இன்னும் தெரியாது. போலீசாரிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறான். இருட்டில் யாரோ "ஹோய்" என்று கூப்பிட்டார்கள், படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன் என்று.

கூவினால் கையை எடுக்க வேண்டும். அவனுக்கு அதை யார் சொன்னார்கள்?

அக்டோபர் 8, ஞாயிறு

தசராவுக்காக எங்கோ பீரங்கி ஒத்திகை நடக்கிறது. யானைகள் மிரளாமல் இருக்கப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சுவர் அதிர்கிறது. என் அறையில் இருக்கும் ஒருவன் முதல் வெடிக்கே எழுந்து பக்கத்தில் இருந்தவன் மூக்கில் குத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. எனக்கு வெடிமருந்து வாசம் வருகிறதா என்று மூக்கு தேடியது. சுவரில் எழுதியிருக்கும் கன்னட எழுத்தில் பதினொன்று பிடிபட்டுவிட்டது. எல்லாம் உருண்டை உருண்டையாக நன்றாக இருக்கிறது. என்னால் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருக்கிறது.

வியாழக்கிழமை சந்துரு வந்தான்.

அவனை விட்டுவிட்டார்கள் என்று தீபா முன்பே சொல்லியிருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். மேல்வாயில் நாலு பல் இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவன் நன்றி சொல்லுவான், நான் அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் தயாராக இருந்தேன்.

"நீங்க ஸ்டாண்டைச் சீட்டுக்கு அடியில தள்ளுனதை நான் பாத்தேனுங்க" என்றான்.

காற்று பல் இல்லாத இடத்தில் நுழைந்து வந்தது. மெதுவாகத்தான் பேசினான்.

"கீழ கெடந்தேன் இல்லீங்களா, அங்கிருந்து உங்க காலுதான் தெரிஞ்சுது. கால் போயி அதைத் தள்ளுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு."

"போலீஸ்ல சொல்லலியா நீ?"

"சொல்லலீங்க."

"ஏன் சொல்லலே?"

"நம்மூரு ஆளாச்சே. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொத நாளு அடிச்சாங்க, இன்னைக்கு வந்துருவாருன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளும் நெனச்சேன். அப்புறம் நாளை எண்ணறதை விட்டுட்டேன்."

வார்டர் நேரம் ஆயிற்று என்றார். சந்துரு வலையில் விரலைக் கோத்துக்கொண்டு நகராமல் நின்றான்.

"அந்தப் பையனை அடிச்சதை நான் கேக்கலீங்க. அது எனக்காகத்தான்னு தெரியும். அன்னைக்கு நான் கூப்புட்டப்போ ஏன் பேசலீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு மாதிரியே.

"சரி, எழுதிக் குடுங்க. எழுதக் கத்துக்கிட்டீங்களாமே, உங்க பேத்தி சொல்லுச்சு. எனக்குப் படிக்க வராது. எம் பொண்டாட்டி கெம்பம்மா படிப்பா. அவளும்தான் கேக்கறா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று பேனா கிடைத்ததும் முதலில் தனித் தாளில் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். பயந்துவிட்டேன் என்று எழுதினேன். பயம் உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன். வயதானவன் என்று எழுதினேன். ஓங்கும்போது வயதாகவில்லை. அதையும் அடித்துவிட்டேன். அவனை அத்தனை பேர் அடித்துக்கொண்டிருந்தபோது, அடி என் மேல் விழவில்லை என்று உள்ளே ஒன்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அதை எப்படி எழுதுவது? கெம்பம்மா அதை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டுமே.

தாளைத் தொடாமல் இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வார்டர் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டார். சந்துருவின் தாளில் அடித்தது போக ஒரு வரியும் மிச்சம் இல்லை. வரும் ஞாயிறு பேனா வந்ததும் முதலில் அவனுக்குத்தான் எழுதுவேன்.